தாய்வழி வீடும் ஆடல் தொழிலும்

தமிழகத்தில் ஆடலைத் தொழிலாகக் கொண்ட பெண்கள் பிள்ளை பெற்றதும், அப்பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே அரங்கில் ஆடியதும், வளர்ந்த மகளுக்குத் தம் தொழிலையே கற்பித்ததும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை யாரும் வியந்து பேசாத நடைமுறையாக இருந்தன. அந்நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் இந்நிலை மாறியது. திருமணத்தோடு சலங்கையைக் கழற்றி வைப்பது இயல்பு என்றும், தாயான பின் ஆடுவது விதிவிலக்கு என்றும், அவ்விதிவிலக்கைச் சாதிக்க ஒரு பெண்ணுக்குத் தனிப்பட்ட மனவுறுதி வேண்டும் என்றும் கருதப்படலாயிற்று. தாய்மையும் ஆடலும் ஒன்றையொன்று தடுப்பவை என்ற எண்ணம் கலையின் தன்மையிலிருந்து பிறந்ததா, அக்கலையைத் தாங்கி நின்ற வீடும் நிலமும் உறவும் மாறியதிலிருந்து பிறந்ததா என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி. தளிச்சேரிக் குடியிருப்பு, சின்ன மேளக் குடும்பங்களின் தாய்வழி வீடு, அவ்வீட்டைக் கலைத்த சீர்திருத்தம், பின்னர் நடுத்தர வர்க்கக் குடும்பத்தில் நாட்டியம் பெற்ற புது இடம் ஆகியவற்றை வரிசையாகப் பார்க்கையில் அதற்கான விடை தெளிவாகிறது.

தளிச்சேரி: வீடும் பங்கும்

ஆடற்பெண்களின் வாழ்க்கை ஏற்பாட்டைப் பற்றி நமக்குக் கிடைக்கும் விரிவான பழைய ஆவணங்களுள் தலையாயது, முதலாம் இராசராசன் தன் 29ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 1014ஐ ஒட்டி, தஞ்சைப் பெரிய கோயிலில் பொறித்த கல்வெட்டு. சோழநாட்டின் பல ஊர்க் கோயில்களிலிருந்து 400 பெண்கள் அழைத்துவரப்பட்டு, கோயிலைச் சுற்றிய தெருக்களில் குடியமர்த்தப்பட்டதை அது பதிவு செய்கிறது. கோயிலைச் சார்ந்த அக்குடியிருப்புக்குத் தளிச்சேரி என்றும், அங்கு வாழ்ந்தோருக்குத் தளிச்சேரிப் பெண்டுகள் என்றும் பெயர். ஒவ்வொரு பெண்ணின் பெயரும், அவள் எந்த ஊரின் எந்தக் கோயிலிலிருந்து வந்தவள் என்பதும், எந்தத் தெருவின் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு அவளுக்கு ஒதுக்கப்பட்டது என்பதும் கல்லில் வெட்டப்பட்டுள்ளன. வீட்டோடு ஆளுக்கு ஒரு பங்கும் வழங்கப்பட்டது. பங்கு என்பது ஆண்டுக்கு 100 கலம் நெல் வருவாய் தரும் உரிமை.

இக்கல்வெட்டு பரிசில்களை மட்டும் பட்டியலிட்டு நின்றுவிடவில்லை. பங்கு பெற்றவர் இறந்தாலோ வேற்றூர் சென்றாலோ அவருக்கு அடுத்த முறையில் உள்ள உறவினர் அப்பங்கைப் பெற்று அப்பணியைச் செய்ய வேண்டும் என்றும், அவ்வுறவினர் பணிக்குத் தகுதியற்றவராயின் தகுதியுள்ள வேறொருவரைத் தேர்ந்து அமர்த்த வேண்டும் என்றும் அது விதிக்கிறது. கோயிலில் பணியாற்றிய ஒரு பெண்ணின் தொழில் அவளோடு தொடங்கி அவளோடு முடிவதாக எண்ணப்படவில்லை என்பதை இவ்விதி காட்டுகிறது. உறவுமுறை வழியாகப் பணி தொடர வேண்டுமானால் பிள்ளைகள் பிறக்க வேண்டும், வளர வேண்டும், பயிற்சி பெற வேண்டும். அதற்கு உறைவிடமும் நெல்லும் வேண்டும். அவ்விரண்டையும் ஆடற்பெண்ணின் பெயரிலேயே வைத்த இந்த ஏற்பாடு, தொழிலையும் குடும்பத்தையும் ஒரே தெருவில், ஒரே கூரையின்கீழ் இணைத்துவிட்டது. சோழர் காலக் கோயிற்பெண்கள் அனைவரும் ஆடினார்கள் என்றோ, அவர்களது வாழ்க்கை பிற்காலத் தேவதாசி முறையை அப்படியே ஒத்திருந்தது என்றோ கொள்வதற்கில்லை. ஆயினும் வீடும் வருவாயும் பெண்ணின் கையில் இருந்தால் தொழில் தலைமுறை கடந்து நிற்கும் என்ற அடிப்படை அங்கேயே இடப்பட்டுவிட்டது.

சின்ன மேளத்தின் தாய்வீடு

பிற்காலத்தில், குறிப்பாக நாயக்கர், மராட்டியர் ஆட்சிகளின்போது, காவிரிப் படுகையின் இசைக்குடும்பங்கள் இரு பிரிவுகளாக அறியப்பட்டன. நாகசுரமும் தவிலும் வாசித்த ஆண்களின் குழு பெரிய மேளம் எனப்பட்டது. ஆடும் பெண்ணையும், தாளம் தட்டிச் சொற்கட்டு உரைத்து ஆட்டத்தை நடத்தும் நட்டுவனாரையும், துணையிசையாளர்களையும் கொண்ட குழு சின்ன மேளம் எனப்பட்டது. அவர்கள் ஆடியதற்குச் சதிர் என்பது அன்றைய பெயர். ஆடுவதற்குரிய பெண் பருவமடையும் முன்பே கோயிலில் பொட்டுக்கட்டப்படுவாள். பொட்டுக்கட்டு என்பது தெய்வத்துக்கு மணம் செய்விக்கும் சடங்கு. அதன்வழி அவள் என்றும் கைம்மை எய்தாத நித்தியசுமங்கலியாகக் கொள்ளப்பட்டாள். இச்சடங்கின் பின் அவள் மற்றொரு குடும்பத்துக்கு மருமகளாகச் செல்வதில்லை. பிறந்த வீட்டிலேயே வாழ்ந்து, தன் பிள்ளைகளையும் அங்கேயே பெற்று வளர்த்தாள்.

சமூகவியலாளர் அம்ரித் சீனிவாசன் 1980களில் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய வீடுகளின் உள்ளமைப்பை விளக்குகிறது. வீட்டின் மூத்த பெண்ணான தாய்க்கிழவி அதன் தலைவியாக விளங்கினாள். அவளும் ஒரு காலத்தில் ஆடியவளே. வருவாயைக் கையாள்வது, இளையோரின் பயிற்சியையும் ஒழுங்கையும் கண்காணிப்பது, வெளியாரோடு பேசி முடிப்பது ஆகிய பொறுப்புகள் அவளிடம் இருந்தன. ஆடி முடித்த தலைமுறை நிருவாகத்தையும், ஆடும் தலைமுறை வருவாயையும், ஆடக் கற்கும் தலைமுறை எதிர்காலத்தையும் தாங்கியதால், குழந்தை பெற்ற பெண் தொழிலை விட வேண்டிய நெருக்கடி எழவில்லை. கச்சேரிக்குச் சென்றவளின் பிள்ளையைப் பாட்டியோ பெரியம்மாவோ சித்தியோ பார்த்துக்கொண்டார்கள். அப்பிள்ளை தொட்டிலில் கிடந்தபோதே தட்டுக்கழியின் ஓசையையும் சொற்கட்டையும் கேட்டு வளர்ந்ததால், குழந்தை வளர்ப்பும் தொழிற்பயிற்சியும் ஒன்றோடொன்று கலந்தே நடந்தன.

பிற வீடுகளில் மகன் பிறப்பதை வேண்டி நின்ற சமூகத்தில், இவ்வீடுகள் மகள் பிறப்பதை வேண்டி நின்றன. மகள் இல்லாதவள் ஒரு பெண்பிள்ளையைத் தத்தெடுக்கும் வழக்கமும் இருந்தது. ஆங்கிலேயர் நீதிமன்றங்கள் இவ்வழக்கத்தை ஒரே கண்கொண்டு பார்க்கவில்லை. 1880இல் பம்பாய் உயர்நீதிமன்றம் ஆடற்பெண்களின் தத்தெடுப்பை ஏற்க மறுத்தது. 1888இல் சென்னை உயர்நீதிமன்றம் அதனை அச்சமூகத்தின் வழக்காறு என்ற முறையில் ஏற்றது. பெண்ணுக்குச் சொத்துரிமை அரிதாக இருந்த காலத்தில் ஒரு பெண் தானே சொத்து வைத்திருந்து, தானே மகளைத் தத்தெடுத்து, அம்மகளுக்குத் தன் சொத்தையும் தொழிலையும் விட்டுச் செல்ல முடிந்தது சிறிய உரிமையன்று.

இதனால் அவ்வீட்டைப் பொற்காலமாகக் காட்டுவது உண்மைக்கு மாறாகும். ஆறேழு வயதுச் சிறுமியிடம் விருப்பம் கேட்டு எவரும் பொட்டுக்கட்டவில்லை. செல்வந்தரான ஆதரவாளரின் தயவில் வாழ்ந்த குடும்பங்களில், யாரோடு உறவு கொள்வது என்பதைப் பல வேளைகளில் அப்பெண்ணுக்குப் பதிலாக வீட்டு மூத்தவர்களே முடிவு செய்தார்கள். தந்தையின் பெயரோ சொத்துரிமையோ பிள்ளைகளுக்குக் கிட்டவில்லை. ஆகவே அவ்வீட்டில் தாய்மைக்கும் தொழிலுக்கும் இடையே அமைந்த இணக்கத்தை மதிக்கும்போதே, அவ்விணக்கத்துக்குச் சிறுமிகளின் சுதந்திரம் விலையாகக் கொடுக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வயதுக்கும் உடலுக்கும் இடமளித்த மார்க்கம்

வீட்டைப் போலவே கலையின் வடிவமும் தாயான பெண்ணுக்கு இடம் வைத்திருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், இரண்டாம் சரபோசி மன்னரின் தஞ்சை அவையோடு தொடர்புடைய சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் சகோதரர் நால்வர் சதிரின் நிகழ்ச்சி முறையை ஒழுங்குபடுத்தினர். தஞ்சை நால்வர் எனப்படும் இவர்கள் வகுத்த வரிசைக்கு மார்க்கம் என்று பெயர். அலாரிப்பு, சதிசுவரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என அது செல்கிறது. அலாரிப்பும் சதிசுவரமும் தில்லானாவும் நிருத்தம் எனப்படும் தூய ஆட்டத்தைச் சார்ந்தவை. முழங்காலை வெளிப்புறம் மடித்துப் பாதியளவு அமர்ந்த அரைமண்டி நிலையில், தரையைத் தட்டியும் குதித்தும் அடவுகளைச் செய்ய இளமையின் வலு வேண்டும். வர்ணத்துக்கு அடவின் வலிமையும் அபிநயத்தின் நுட்பமும் ஒருங்கே தேவை. பதமோ முழுவதும் அபிநயத்தைச் சார்ந்தது. பாடலின் பொருளை முகத்தாலும் கையாலும் விரித்துரைப்பதே அபிநயம். அதற்குத் தேவையானவை வாழ்க்கை அனுபவமும் இசையறிவும் நிதானமும் ஆகும்.

இதனால் ஒரு பெண்ணின் கலைவாழ்வு பல பருவங்களாக விரிந்தது. இளமையில் அடவின் துல்லியத்துக்காகப் பாராட்டப்பட்டவள், பிள்ளைகள் பெற்று உடல் கனத்த பின் பதங்களுக்காகப் போற்றப்பட்டாள். முதுமையில் உட்கார்ந்த நிலையிலேயே பாடி அபிநயித்துக் காட்டுவதும், மகளுக்கோ மாணவிக்கோ கற்பிப்பதும் கலைவாழ்வின் உயர்ந்த கட்டமாகவே எண்ணப்பட்டன. மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலில் தொண்டாற்றிய துரைக்கண்ணு அம்மாளின் மகளான மயிலாப்பூர் கௌரி அம்மாள் இதற்குத் தக்க சான்று. அவரது இளமைக்கால ஆட்டத்தைக் கண்டவர்கள் குறைந்துபோன காலத்திலும், அவரிடம் அபிநயம் பயின்ற பாலசரசுவதி, ருக்மிணி தேவி போன்றோரின் வழியாக அவரது கலை அடுத்த நூற்றாண்டுக்குச் சென்றது.

தாய்மை ஆடலின் பொருளாகவும் நின்றது. கோயிலில் கும்பாரத்தி எடுத்து இறைவனுக்குத் திருட்டி கழித்தவர்களும், ஊஞ்சலில் வைத்த மூர்த்திக்கு லாலி பாடியவர்களும் ஆடற்பெண்களே. வீட்டில் தாய் குழந்தைக்குச் செய்வதையே அவர்கள் கோயிலில் தெய்வத்துக்குச் செய்தனர். குழந்தைக் கண்ணனை யசோதையாக நின்று அழைக்கும் பாடல்கள் அபிநயத்தின் அரிய சோதனைக்களமாக விளங்கின. வியாசராயரின் ‘கிருஷ்ணா நீ பேகனே பாரோ’ என்னும் கன்னடப் பாடலுக்குப் பாலசரசுவதி செய்த அபிநயம் உலகெங்கும் அவரது பெயரோடு இணைத்துப் பேசப்பட்டது. 1976இல் சத்யஜித் ராய் ‘பாலா’ என்னும் ஆவணப்படத்தில் அதனைப் பதிவு செய்தபோது பாலசரசுவதிக்கு வயது 58ஐ எட்டியிருந்தது. மெலிந்த இளம் உடலே ஆடலுக்குரிய உடல் என்ற பிற்கால எண்ணத்துக்கு அப்படம் நிலையான மறுப்பாக நிற்கிறது.

தனம்மாள் குடும்பம்: ஒரு சான்று

தாய்வழி வீடு எவ்வாறு இயங்கியது என்பதை வீணை தனம்மாளின் குடும்பத்தைக்கொண்டு நன்கு அறியலாம். தஞ்சை அவையில் ஆடிய பாப்பம்மாளைத் தம் முன்னோராகக் கொண்ட இக்குடும்பத்தில், தனம்மாளின் பாட்டி காமாட்சி அம்மாள் ஆடற்கலைஞர், தாய் சுந்தரம்மாள் பாடகி. 1867இல் பிறந்து 1938இல் மறைந்த தனம்மாள், சென்னை சார்ஜ் டவுனில் வாழ்ந்துகொண்டு வீணையிலும் பதங்களிலும் ஈடற்றவராக மதிக்கப்பட்டார். இராசலட்சுமி, இலட்சுமிரத்தினம், செயம்மாள், காமாட்சி என அவருக்கு மகள்கள் நால்வர். காமாட்சியின் மகள்களான பிருந்தாவும் முக்தாவும் பதம் பாடுவதில் பெரும்புகழ் எய்தினர். செயம்மாளின் பிள்ளைகளுள் பாலசரசுவதி ஆடலிலும், இரங்கநாதன் மிருதங்கத்திலும், விசுவநாதன் புல்லாங்குழலிலும் சிறந்தனர்.

1918இல் பிறந்த பாலசரசுவதி, தஞ்சை நால்வர் வழிவந்த கந்தப்ப பிள்ளையிடம் கடும் பயிற்சி பெற்று, 1925இல் தம் ஏழாம் வயதில் காஞ்சிபுரத்தில் அரங்கேறினார். அவரது ஆட்டத்துக்குத் தாய் செயம்மாளே பாடினார். மகள் எந்த இடத்தில் எந்தச் சொல்லை நீட்டி விரிப்பாள் என்பதைப் பாடும் தாய் முன்னறிந்தார், தாயின் சங்கதி எங்கே திரும்பும் என்பதை ஆடும் மகள் முன்னறிந்தாள். இத்தகைய புரிதல் ஒத்திகையால் மட்டும் வருவதன்று, ஒரே வீட்டில் ஒரே இசையைக் கேட்டு வாழ்ந்ததால் வருவது.

பாலசரசுவதிக்கு 1943இல் மகள் இலட்சுமி பிறந்தார். 1940களில் பாலசரசுவதியின் மேடை வாழ்வில் நீண்ட தளர்ச்சி நேர்ந்தது உண்மையே. அதனை உண்டாக்கியவற்றுள் முக்கியமானவை, கந்தப்ப பிள்ளை நடனக் கலைஞர் உதயசங்கரின் அல்மோரா மையத்துக்குச் சென்று 1941இல் மறைந்ததும், உடல்நலக் குறைவும், மரபான ஆடற்பெண்களை மேடையிலிருந்து ஒதுக்கிய காலச்சூழலும் ஆகும். தாயானது அவரது கலையை முடித்துவிடவில்லை. 1953இல் சென்னை மியூசிக் அகாடமியின் ஆதரவில் தொடங்கிய நாட்டியப் பள்ளியில் ஆசிரியப் பொறுப்பேற்றது, 1955இல் சங்கீத நாடக அகாடமி விருது பெற்றது, 1962இல் அமெரிக்காவின் சேக்கப்ஸ் பில்லோ விழாவில் ஆடியது, 1973இல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்றது ஆகிய அவரது உயர்ந்த சாதனைகள் அனைத்தும் அவர் தாயான பிறகு நிகழ்ந்தவையே.

மகள் இலட்சுமியின் வாழ்க்கையில் காலமாற்றத்தின் நிழல் விழுந்தது. பாட்டிக்கும் தாய்க்கும் குழந்தைப் பருவத்திலேயே கிடைத்த முறையான பயிற்சி அவருக்கு வயது வந்த பிறகே கிட்டியது. 1970களில் அவர் மேடையேறினார். 1980இல் பிறந்த தம் மகன் அனிருத்தனுக்கு அவரே கற்பித்தார். மகள்களின் வழியாக வந்த கலை, மகள் இல்லாத தலைமுறையில் மகனின் வழியாகத் தொடர்ந்தது.

சீர்திருத்தமும் வீட்டின் கலைவும்

1890களில் சென்னையில் ஆடற்பெண்களை விழாக்களுக்கு அழைக்கும் வழக்கத்தை எதிர்த்துத் தொடங்கிய இயக்கம், 1893இல் வைசிராய்க்கும் சென்னை ஆளுநருக்கும் விண்ணப்பம் அளிக்கும் அளவுக்கு வளர்ந்தது. 1910ஐ ஒட்டி மைசூர் அரசு தன் கோயில்களில் தேவதாசி முறையை நிறுத்தியது. இப்போராட்டத்தைச் சட்டமாக்கும் முயற்சியில் முன்னின்றவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. இவரது தாய் சந்திரம்மாள், சின்ன மேளக் குடும்பங்களை உள்ளடக்கிய இசைவேளாளர் சமூகத்தில் பிறந்தவர். தாம் மருத்துவராகவும் சட்டமன்ற உறுப்பினராகவும் பணியாற்றிக்கொண்டே இரு மகன்களை வளர்த்த முத்துலட்சுமி, 1927இல் சென்னைச் சட்டமன்றத்தில் பொட்டுக்கட்டு முறைக்கு எதிரான தீர்மானத்தைக் கொண்டுவந்தார். அவரது முயற்சியால் 1929இல் வந்த சட்டத்திருத்தம், கோயிற்பணிக்கு ஈடாக ஆடற்பெண்கள் அனுபவித்துவந்த இனாம் நிலங்களை, அதாவது வரிச்சலுகையோடு விடப்பட்ட மானியங்களை, பணிக்கட்டாயத்திலிருந்து விடுவித்து அவர்களுக்கே உரிமையாக்க வழி செய்தது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் மேடையிலும், 1936இல் வெளிவந்த ‘தாசிகள் மோசவலை’ நாவலிலும், உள்ளிருந்தே அம்முறையின் கொடுமையை எடுத்துரைத்தார். 1947இல் பொட்டுக்கட்டுவது சட்டப்படி குற்றமாயிற்று.

எதிர்க்குரலும் எழுந்தது. பெங்களூர் நாகரத்தினம்மாள் உள்ளிட்ட கலைஞர்களும் தேவதாசிச் சங்கங்களும் தங்கள் கலையையும் சொத்துரிமையையும் குலவழக்கையும் காத்துத் தருமாறும், தம் பெண்களுக்குக் கல்வி அளிக்குமாறும் அரசிடம் முறையிட்டனர். சிறுமிகளைக் காக்க வந்த சட்டம் நியாயமானதே. ஆனால் அச்சட்டம் தடுக்க வேண்டிய கொடுமையும், காக்க வேண்டிய ஏற்பாடும் ஒரே வீட்டுக்குள் இருந்தன. கொடுமை ஒழிந்தபோது, பாட்டி முதல் பேத்தி வரை தொழிலையும் பிள்ளை வளர்ப்பையும் பகிர்ந்து தாங்கிய கூட்டமைப்பும் உடன் கலைந்தது. அதற்கு ஈடாக எதுவும் கட்டப்படவில்லை. பல குடும்பங்களின் பெண்கள் ஆடலை விட்டு மணவாழ்வுக்குள் சென்றனர், தம் மகள்களுக்குக் கற்பிக்கவும் அஞ்சினர். விராலிமலை முருகன் கோயிலில் சிறுமியாகப் பொட்டுக்கட்டப்பட்ட முத்துக்கண்ணம்மாள், தம் முதுமையில் 2022இல் பத்மசிறீ விருது பெறும்வரை பரந்த கவனத்துக்கு வராமலேயே சதிர் மரபைச் சுமந்து நின்றார்.

திருமணம் என்னும் எல்லைக்கோடு

1931இல் மியூசிக் அகாடமி முதன்முறையாகச் சதிர் நிகழ்ச்சி நடத்தியபோது ஆடியவர்கள் ‘கலியாணியின் மகள்கள்’ என்றே அறியப்பட்டனர். தாயின் பெயரே அவர்களது முகவரியாக இருந்தது. அடுத்த சில ஆண்டுகளில் மேடைக்கு வந்தவர்களின் பின்புலம் வேகமாக மாறியது. 1935இல் ருக்மிணி தேவி மேடையேறியதும், 1936இல் அவர் நிறுவிய கலாசேத்திரம் என்னும் கலைப்பள்ளியின் தொடக்கமும் பிராமண, நடுத்தர வர்க்கப் பெண்களுக்கு ஆடலின் வாயிலைத் திறந்தன. சதிர் பரதநாட்டியம் ஆயிற்று. இம்மாற்றம் கலைக்குப் பெருமையையும் பரப்பையும் தந்தது என்பதை மறுக்க இயலாது. ஆனால் புதிதாக வந்த பெண்கள் மணமானதும் பிறந்த வீட்டை விட்டுக் கணவன் வீட்டுக்குச் செல்லும் வழக்கத்தைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்கு ஆடல் கற்பித்தது தாயன்று, வெளியிலிருந்து வந்த ஆசிரியர். புகுந்த வீட்டு மாமியாருக்கு ஆடலோடு எவ்விதத் தொடர்பும் இருக்கவில்லை. எனவே பிள்ளை பிறந்த பின் ஆடலைத் தொடரத் தேவையான தோள்கள் அந்த வீட்டில் இல்லாமற்போயின.

இதன் விளைவாக அரங்கேற்றத்தின் பொருளும் மாறியது. சின்ன மேளத்தில் அரங்கேற்றம் என்பது தொழில் வாழ்வின் தொடக்கம். நடுத்தர வர்க்கக் குடும்பங்கள் பலவற்றில் அது பயிற்சியின் நிறைவாகவும், மணப்பெண்ணுக்குரிய தகுதிகளுள் ஒன்றாகவும் ஆனது. மகளைப் பயிற்சிக்கு அழைத்துச் சென்று, உடையும் ஒப்பனையும் கவனித்து, பக்கத்தில் காவலாக நின்ற தாய்மார்களின் உழைப்பில்தான் இத்தலைமுறையின் புகழ் எழுந்தது. குமாரி கமலாவின் தாய் இராசம்மாள் இதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு. தாய்க்கிழவியின் பணிகளுள் பலவற்றை இத்தாய்மார்கள் செய்தனர் என்றாலும், அவர்களுள் பெரும்பாலோர் தாங்கள் ஆட வாய்ப்பின்றி மகளின் வழியாகவே அவ்விருப்பத்தை நிறைவேற்றிக்கொண்டவர்கள்.

மணத்தால் அறுந்து, பின் மீண்ட கலைவாழ்வுக்குக் கலாநிதி நாராயணனே தலைசிறந்த சான்று. 1928இல் பிறந்த அவர், தாய் சுமித்திராவின் ஆர்வத்தால் சிறுவயதிலேயே ஆடல் பயின்றார். தனம்மாளின் மகள் காமாட்சி அம்மாளிடம் பதங்களையும், கௌரி அம்மாளிடமும் சின்னையா நாயுடுவிடமும் அபிநயத்தையும் கற்றார். பன்னிரண்டாம் வயதில் மேடையேறிய அவருடைய ஆட்டம், தாயின் மறைவையும் பதினாறாம் வயதில் நடந்த திருமணத்தையும் ஒட்டி நின்றுபோனது. ஏறத்தாழ 30 ஆண்டுகள் அவர் சலங்கை கட்டவில்லை. மகன்கள் வளர்ந்து ஆளான பிறகு, 1973இல், கலை ஆர்வலர் ஒய்.ஜி. துரைசாமி இளம் கலைஞர் அலர்மேல் வள்ளிக்கு அபிநயம் கற்பிக்குமாறு வேண்டியபோது அவர் மீண்டும் கலைக்குத் திரும்பினார். அடுத்த 40 ஆண்டுகளில் அபிநயம் கற்க விரும்பிய எண்ணற்ற கலைஞர்களுக்கு அவரது வீடே பள்ளியாயிற்று, 1985இல் பத்மபூசண் விருதும் கிட்டியது. சின்ன மேள வீட்டார் அவருக்குக் கொடுத்த பதங்கள் 30 ஆண்டு மௌனத்திலும் அழியாமல் இருந்து, பின் ஒரு தலைமுறைக்கே அபிநயம் கற்பித்தன. இதனை வெற்றிக்கதையாக மட்டும் படிப்பது போதாது. அந்த 30 ஆண்டுகளில் அவர் ஆடாத பதங்களையும், அவரைப் போல மீண்டும் அழைக்கப்படாமல் மறைந்த பெண்களையும் கணக்கில் கொண்டால்தான் இழப்பின் அளவு புரியும்.

வேறு வழி கண்டவர்களும் உண்டு. மிருணாளினி சாராபாய் 1949இல் அகமதாபாத்தில் தர்ப்பணா என்னும் நிறுவனத்தை நிறுவி, இரு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே அதனை நடத்தினார், பின்னர் மகள் மல்லிகா அதன் பொறுப்பை ஏற்றார். பாட்டி யதுகிரி தேவியின் வளர்ப்பில் உருவான வைசயந்திமாலா, மணத்துக்குப் பின் திரைப்படத்தை விட்டாரேயன்றி நாட்டியத்தை விடவில்லை. நாற்பதைக் கடந்து மகனைப் பெற்ற அவர், 2024இல் 90 வயதிலும் அயோத்தியில் ஆடினார். இவ்விருவருக்கும் செல்வமும் குடும்ப ஆதரவும் துணை நின்றன. அத்துணை இல்லாதவர்களுக்கு இவ்வழி எளிதாகத் திறக்கவில்லை.

வெகுமக்கள் கலையும் இம்மாற்றத்தின் கருத்தைப் பரப்பியது. கொத்தமங்கலம் சுப்புவின் நாவலைத் தழுவி 1968இல் வெளிவந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ திரைப்படத்தில், ஆடற்பெண்ணின் தாய் வடிவாம்பாள் பணத்தாசை கொண்டவளாகவும், மகள் காதல் மணத்தில் நிறைவு காண்பவளாகவும் காட்டப்படுகின்றனர். தாய்க்கிழவியின் நூற்றாண்டுக்கால நிருவாகத் திறன் மக்கள் நினைவில் பேராசையாகச் சுருங்கியதற்கு இப்படம் ஓர் அடையாளம். மோகனாவாக நடித்த பத்மினியோ 1961இல் மணமுடித்து ஒரு மகனுக்குத் தாயான பின்பே அப்பாத்திரத்தை ஏற்றார், பின்னர் அமெரிக்காவின் நியூசெர்சியில் 1977இல் நாட்டியப் பள்ளி தொடங்கி நீண்டகாலம் கற்பித்தார். கமலாவும் 1980இல் நியூயார்க் பகுதியில் குடியேறி ஆசிரியரானார். சென்னையின் மாடிவீடுகளிலும், கடல்கடந்த நகரங்களின் வீட்டுக் கூடங்களிலும் தாய்மார்கள் நடத்திய வகுப்புகளே இன்று பரதநாட்டியத்தை உலகெங்கும் தாங்கி நிற்கின்றன. வீடும் பயிற்சிக்கூடமும் மீண்டும் ஒன்றான இடத்தில் பெண் தன் கலையைத் தக்கவைத்துக்கொண்டாள் என்பது தற்செயலன்று.

வரலாறு தரும் தீர்ப்பு

ஆயிரம் ஆண்டு வரலாறு ஒன்றைத் தெளிவாக உணர்த்துகிறது. ஆடலும் தாய்மையும் இயல்பில் பகை அல்ல. உறைவிடமும், நிலையான வருவாயும், பிள்ளையைப் பகிர்ந்து வளர்க்கும் உறவும், வயதுக்கேற்ப மாறும் கலைவடிவமும் இருந்த இடத்தில் இரண்டும் இணைந்தன. அவை அகற்றப்பட்ட இடத்தில் இரண்டும் பிரிந்தன. அப்பிரிவின் சுமை சமூகத்தின் கணக்கில் எழுதப்படாமல், ஒவ்வொரு பெண்ணின் மனவலிமை சார்ந்த சிக்கலாகக் காட்டப்பட்டது.

இன்றைய நிலையும் பெரிதும் வேறுபட்டதன்று. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத்தில் 2017இல் செய்யப்பட்ட திருத்தம், முதல் இரு குழந்தைகளுக்கான சம்பள விடுப்பை 26 வாரமாக உயர்த்தியது. ஆனால் அவ்விடுப்பு நிறுவனத்தில் பணிபுரிபவருக்கே உரியது. சபாவில் கச்சேரிக்குக் கச்சேரி ஊதியம் பெறுபவரும், வீட்டில் வகுப்பு நடத்துபவரும் அதன் எல்லைக்கு வெளியே நிற்கின்றனர். மத்திய அரசின் இளம் கலைஞர் உதவித்தொகை 18 முதல் 25 வயது வரை உள்ளவர்களுக்கே வழங்கப்படுகிறது. சபாக்களும் ‘இளம் கலைஞர்’ என்ற வரையறையிலேயே புது வாய்ப்புகளைத் தருகின்றன. பெண் மணந்து பிள்ளை பெறும் ஆண்டுகளோடு இவ்வாண்டுகள் மோதுவதால், பிள்ளை வளர்ந்த பின் திரும்பி வரும் கலைஞர் எந்தப் பட்டியலிலும் இடம்பெறாமற் போகிறார்.

பழைய வீட்டின் கட்டாயத்துக்குத் திரும்ப வேண்டிய தேவை எவருக்கும் இல்லை. அவ்வீட்டிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் ஏற்பாட்டை மட்டுமே. பிள்ளைப்பேற்றால் இடைவெளி கண்ட கலைஞர்களுக்கு வயது வரம்பைத் தளர்த்துவதும், பயிற்சிக்கூடங்களிலும் விழாக்களிலும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள இடமும் ஆளும் ஒதுக்குவதும், அபிநயத்தில் முதிர்ந்த நடுவயதுக் கலைஞர்களுக்கு முதன்மை மேடை தருவதும், தனித்து இயங்கும் கலைஞர்களுக்கு மகப்பேற்று உதவித்தொகை அளிப்பதும் அரசும் சபாக்களும் கலை நிறுவனங்களும் செய்யக்கூடிய செயல்களே. தளிச்சேரிப் பெண்ணுக்கு வீடும் பங்கும் கொடுத்த நாடு, சுதந்திரமாகத் தன் கலையைத் தேர்ந்தெடுத்த இன்றைய தாய்க்கு அதற்குக் குறைவாகக் கொடுப்பது முறையன்று.